நாச்சிமுத்துவின் அத்தை

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி புடவைக்காக வைத்திருப்பது. எந்த ஊர்ப் பட்டிமன்றத்தில் எந்தப் புடவை கட்டினேன், என்ன கதை சொன்னேன் என்று குறித்து வைக்காவிட்டால், அடுத்த வருடம் அதே மேடையில் அதே புடவையோடு போய் நின்று அதே கதையைச் சொல்லித் தொலைப்பேன். முன்வரிசைப் பெண்கள் வேறு எதை மறந்தாலும் பேச்சாளரின் புடவையை மறப்பதில்லை. ஆகையால் ஊர், புடவை, கதை. இந்த மூன்றைத் தவிர இதில் நான் எதுவும் எழுதியதில்லை.

இன்று நிகழ்ச்சி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். காலையில் குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, கையில் ஒன்று தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. சோப்பைக் கழுவிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

வலி இல்லாமல் இருப்பதைப் பற்றி எங்கோ படித்திருக்கிறேன். படித்ததை நினைக்க வேண்டாம் என்று இட்லிக்கு ஊறப்போட்டேன். கேஸ் புக் செய்தேன். மாடியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன், பிறகு சரியாக மடிக்கவில்லை என்று தோன்றி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன்.

சனிக்கிழமை காங்கேயம் நிகழ்ச்சி இருக்கிறது. அது முடிந்ததும் டாக்டரிடம் போகலாம். அதற்கு முன்னால் போனால், ஆஸ்பத்திரி ஏசியில் உட்கார்ந்து எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மார்ச் 5, புதன்

இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு அளவை என்னும் பாடம் நடத்தினேன். ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தைந்து வருடமாகத் தத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் பாடத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒன்றை நாம் அறிவது எப்படி? கண்டும் தொட்டும் அறிவது காட்சி. புகையைப் பார்த்து அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுவது கருதல். நூல் சொல்வதையும் நம்பத்தக்கவர் சொல்வதையும் கொண்டு அறிவது உரை. உலகாயதர்கள் முதலாவதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பௌத்தர்கள் முதல் இரண்டை. சைவ சித்தாந்திகள் மூன்றையும்.

கருதலில் வரும் தவறுக்கு ஓர் உதாரணம் உண்டு. மலையில் மூடுபனியைப் பார்த்துவிட்டுப் புகை என்று நினைத்து, நெருப்பு நெருப்பு என்று கத்துகிறவன். இன்று அவனைப் பற்றி வழக்கத்தை விட அதிக நேரம் பேசினேன். “எத்தனையோ முறை அது வெறும் பனிதான்” என்று மூன்று தடவை சொன்னதாக ஞாபகம். பிள்ளைகள் மூன்று தடவையும் எழுதிக்கொண்டார்கள்.

இளவேனில் என்ற பெண் எழுந்து, “நம்பத்தக்கவர்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?” என்றாள்.

“விசயம் தெரிஞ்சவரா இருக்கணும். பொய் சொல்லாதவரா இருக்கணும். நமக்கு நல்லது நினைக்கறவரா இருக்கணும். மூணும் சேர்ந்து இருக்கணும்.”

“அப்படி யாருமே கிடைக்கலைன்னா?”

மணி அடித்துவிட்டது. நல்ல வேளை.

அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் கல்லூரி பாத்ரூமில் ஒரு தடவை. அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

ஊர்: காங்கேயம், மாரியம்மன் கோயில் திடல். புடவை: அரக்கு நிற நெகமம் காட்டன். கதை: மாமியார் கண்ணாடி இல்லாமல் மாத்திரை மாற்றிப் போட்டது.

இந்த சீசன் முழுக்க எல்லா ஊரிலும் ஒரே தலைப்புத்தான். வாழ்வுக்குத் துணை நிற்பது ஏட்டறிவா, பட்டறிவா? நடுவர் புலவர் திருச்சிற்றம்பலம் ஐயா. ஏட்டறிவு அணிக்கு நான் தலைவி. பட்டறிவு அணிக்கு நாச்சிமுத்து. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “நானு எட்டாப்புத் தாண்டலீங்க” என்று ஆரம்பித்தாலே கைதட்டல் விழும். நான் ஊர் உலகத்துத் தத்துவவாதிகளை எல்லாம் மேடையில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்து உட்காருவேன். பிறக்கும்போது மனது வெள்ளைத் தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்று சொன்ன ஆங்கிலேயரைக்கூட விடமாட்டேன். “தாளில் எழுதிவிட்டால் அதுவும் ஏடாகிவிட்டதே, நடுவர் அவர்களே” என்று ஒரு போடு போடுவேன். அதன்பிறகு நாச்சிமுத்து எழுந்து வந்து தன் அத்தையை நிறுத்துவார். என் தத்துவவாதிகள் போன இடம் தெரியாது.

அத்தை கதையை இதுவரை எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். அது நடக்கும்போது சோடா குடிப்பேன், அல்லது என் பதிலுக்குக் குறிப்பு எடுப்பேன். இன்றுதான் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

“எங்கத்தைக்கு மார்ல ஒரு கட்டிங்க. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரு மிசின்ல படம் புடிச்சுப் பார்த்துட்டு, வெட்டோணும்னாரு. எங்கத்தை கேட்டுச்சு, ஏஞ் சாமி, நீங்க எத்தனை வருசம் படிச்சீங்கன்னு. பத்து வருசம் பாட்டின்னாரு. நானு இந்த ஒடம்போட அறுவது வருசமா இருக்கறன், இதுக்கு என்ன வேணும்னு உங்குளுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமான்னுச்சு. கெளம்பி வந்துருச்சுங்க. பச்சை மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டுச்சு. மூணு மாசத்துல கட்டி கரைஞ்சு போச்சு. அந்த டாக்டரு பெரிய ஆஸ்பத்திரி கட்ட வாங்கின கடன்தான் இன்னும் கரையலை.”

திடலே அதிர்ந்தது. “இன்னைக்கும் எங்கத்தை ஏணி வச்சு ஏறி முருங்கைக்காய் பறிக்குதுங்க” என்று முடித்தார்.

நான் கைதட்டிவிட்டேன். எதிரணித் தலைவி கைதட்டியதை நடுவர் ஐயா பார்த்துவிட்டார். “பேராசிரியர் மரகதவல்லி இப்பவே கட்சி மாறிட்டாங்க போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேடையில் சொல்கிற சொந்தக் கதைகளின் லட்சணம் எனக்குத் தெரியாதா? என் மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். மாத்திரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆனால் எல்லாமே பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே. சிலது உண்மையாகவும் இருக்கும். முருங்கைக்காய் வரைக்கும் ஒருவரால் இட்டுக்கட்ட முடியுமா?

மார்ச் 9, ஞாயிறு

மஞ்சள் அரைத்தேன். குழம்புக்கு.

மார்ச் 12, புதன்

விடைத்தாள் கட்டு ஒன்று திருத்தி முடித்தேன். தையல்காரரிடம் மூன்று ஜாக்கெட்டைக் கொடுத்து இடது கைப் பக்கம் மட்டும் ஒரு தையல் பிரித்துவிடச் சொன்னேன். “ஒரு பக்கம் மட்டுமாங்க?” என்றார். “சொன்னதைச் செய்யுங்க” என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயந்திரம் துணி துவைக்கப் போட்ட என் கணவர், என் உள்ளாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “என்ன அம்மணி இது, மாரியம்மனுக்கு மஞ்சத் தண்ணி ஊத்திக்கிட்டயா?” என்றார். குழம்பு சிந்திவிட்டது என்றேன். உள்ளாடையில் எப்படிக் குழம்பு சிந்தும் என்று அவர் கேட்கவில்லை. என் கணவர் சென்னியப்பன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இத்தனை வருடம் அவர் கேட்காதது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

ஊர்: கோபி. புடவை: மயில் கழுத்து நிறப் பட்டு. கதை: மாமியார்தான்.

டாக்டரிடம் போவதாக எழுதியிருந்தேன். இந்த வாரம் விடைத்தாள் இருந்தது.

வேனில் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எப்போதும் முன் சீட்டு எனக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இன்று வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பின்னால் போனேன். வாந்தி வருகிறவர் பின் சீட்டுக்குப் போவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. நசியனூர் தாண்டும்வரை வெயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு, “உங்க அத்தைக்கு எந்த ஊருங்க?” என்றேன்.

“வெள்ளகோயில் பக்கமுங்க” என்றார்.

போன வருடம் தாராபுரம் மேடையில் மூலனூர் என்று சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வயதான காலத்தில் மகன் வீட்டுக்குக் குடி போயிருக்கலாம். மூலனூரும் வெள்ளகோயிலும் ஒன்றும் தூரமில்லை.

அத்தையின் கட்டி எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்தேன். வலித்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உண்மையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஆனால் அவர் ஒரு நொடி தயங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மேடைக்காரர்கள் தயங்குவதை என்னைவிட யார் நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்? தெரியாமல் இருந்தால் பாதி அத்தையாவது மிஞ்சும்.

மார்ச் 18, செவ்வாய்

கல்லூரி நூலகத்தில் பெண்கள் உடல்நலம் பற்றிய ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. எடுத்தேன். நூலகர் பார்த்துவிடக்கூடாது என்று மேலே ஓர் அகராதியை வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். அந்த அத்தியாயத்தைத் திறந்து உடனே மூடிவிட்டேன். படிக்கவில்லை.

பிள்ளை பெறாதவர்களுக்கு என்று ஒரு வரி இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு என்று ஒரு வரி. வலியற்ற, கெட்டியான, நகராத என்று ஒரு வரி. படம் ஒன்றும் இருந்தது.

இருபத்தைந்து வருடமாகப் புத்தகத்தின் பக்கம் நின்று வாதாடுகிறேன். எத்தனை ஊரில் எத்தனை கைதட்டல். இன்று ஒரு புத்தகத்துக்குப் பயந்து, அதை அலமாரியில் பின்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாச்சிமுத்துவின் அத்தை ஏணியில் ஏறிக்கொண்டே இருந்தாள். அவள் முகம்கூட எனக்குத் தெரிகிறது. மூக்குத்தி போட்டிருக்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இன்று கல்லூரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். ரிசப்ஷனில் ஒரு பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் பழைய மாணவி மாதிரி இருந்தது. கால் தானாகப் பக்கத்து மருந்துக் கடைக்குத் திரும்பிவிட்டது. பற்பசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே பற்பசை இருக்கிறது.

மஞ்சள் போட ஆரம்பித்தும் நாள் ஆகிவிட்டது. சிறிதாகிவிட்டதா என்று தடவிப் பார்த்தால், ஒரு சமயம் ஆகிவிட்டது என்கிறது விரல். அடுத்த சமயம் இல்லை என்கிறது. தொட்டு அறிவதே நிச்சயமான அறிவு என்று சொன்ன உலகாயதரை வரச் சொல்லி இந்த விரலைக் கொடுத்தால் தெரியும். சுண்டைக்காய் இப்போது நெல்லிக்காய் ஆகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.

மார்ச் 22, சனி

ஊர்: பவானி. புடவை: என்ன கட்டினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. கதை: சொல்லவில்லை.

இன்று புதிதாக ஒரு தத்துவவாதியைப் பேச்சில் சேர்த்திருந்தேன். சீன தேசத்தவர். அறிவதும் செய்வதும் வேறு வேறு இல்லை என்பது அவர் கட்சி. ஒன்றைத் தெரிந்திருந்தும் ஒருவன் அதன்படி செய்யவில்லை என்றால், அவனுக்கு அது இன்னும் தெரியவே இல்லை என்பார். வீட்டில் தயார் செய்தபோது, படித்தவர்கள் எல்லாம் அதன்படி நடப்பார்கள் என்று இதை ஏட்டறிவுக்குச் சாதகமாகத் திருப்பிவிடலாம் என்று திட்டம்.

மேடையில் அவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதையும் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தைக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “மேடம், தண்ணி” என்று நாச்சிமுத்து தன் டம்ளரை நீட்டினார். எதிரணிக்காரர் டம்ளர். குடித்துவிட்டு, என் நேரம் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி உட்கார்ந்தேன். முடியவில்லை. நடுவர் ஐயாவும் மணி அடித்து என்னைக் காப்பாற்றினார்.

தெரிந்தும் செய்யாதவளுக்கு அது தெரியவில்லை. அப்படியானால் எனக்கு இன்னும் தெரியாது. தெரியாதவளாகவே இருந்துவிடலாமா என்று வேனில் வரும்போது உண்மையாகவே யோசித்தேன்.

மார்ச் 24, திங்கள்

கேட்டுவிட்டேன்.

காலை இடைவேளையில், கல்லூரி மாடிப்படியில் நின்றுகொண்டு நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்காமல், “உங்க அத்தைக்குக் கட்டி கரைஞ்சது நெசமாங்க?” என்று நேராகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். “எனக்கு அத்தையே இல்லீங்க மேடம். எங்கப்பன் ஒத்தைக்கு ஒரு பையன்.”

“அப்புறம் அந்தக் கதை?”

“படிச்சதுங்க. சலூன்ல ஒரு பழைய வார இதழ் கெடந்துச்சு. துணுக்கு. அதுல பாட்டின்னு போட்டிருந்தான், நாந்தான் அத்தைன்னு மாத்திக்கிட்டேன். முருங்கைக்காய் மட்டும் நம்ம சொந்தச் சரக்கு.” கொஞ்சம் வெட்கத்தோடு, “நமக்கெல்லாம் என்னங்க பெரிய பட்டறிவு? டிக்கெட் கிழிச்சதுதான். மேடைல சொல்றதெல்லாம் படிச்சதுங்க. வெளிய சொல்லிராதீங்க” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் அது அழுகையாகிவிடும் என்று பட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பட்டறிவு அணியின் மிகப் பெரிய பட்டறிவு, சலூனில் கிடந்த காகிதம். அதை நம்பி நான் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். மூக்குத்தி போட்டிருந்த அந்த அம்மாள் ஏணியோடு காணாமல் போய்விட்டாள். எனக்கு மிகவும் தெரிந்த ஒருவர் செத்துப்போன மாதிரி இருந்தது.

நான் பேசாமல் நின்றேன். பிறகு நாச்சிமுத்துவின் குரல் மாறிவிட்டது. “யாருக்குங்க மேடம்?”

“பக்கத்து வீட்டம்மாவுக்கு.”

“அந்தம்மா அதை நம்பிக்கிட்டு டாக்டர்கிட்டப் போகாம இருக்குதுங்களா?”

“ம்.”

பஸ் ஸ்டாண்டில் இருந்தார் போல, பின்னால் பஸ்காரர்கள் ஊர்ப் பெயர் கூவுவது கேட்டது.

“பக்கத்து வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. நாச்சிமுத்து பொய் சொல்லிட்டான், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுங்க. நாளைக்கே போகோணும். தனியாப் போக வேண்டாம்னும் சொல்லுங்க. ஊட்டுல சொல்றதுக்குப் பயமா இருந்தா, நானும் எங்கூட்டுக்காரியும் வந்து கூட்டிட்டுப் போறமுங்க.”

சொல்கிறேன் என்று போனை வைத்தேன். விஷயம் தெரிந்தவர் இல்லை. இத்தனை நாள் பொய் சொன்னவர். மூன்றில் ஒன்றுதான் தேறியது, நமக்கு நல்லது நினைக்கிறவர். இளவேனில் கேட்டால், சில சமயம் அந்த ஒன்றே போதும் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

என் கணவரிடம் சொன்னேன். ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவர் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து வந்து முதலில் அடுப்பை அணைத்தார். “எத்தனை நாளா?” என்றார்.

“இப்பத்தான். நாலு நாள் இருக்கும்.”

“அந்த மஞ்சக் கறை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் இரண்டாம் தடவை கேட்காமல் இருந்தாரே தவிர, பார்க்காமல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்கும் பயமா இருக்குது அம்மணி” என்றார். கம்பத்தில் ஏறிக் கரண்ட்டோடு மல்லுக்கு நின்ற ஆள். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இந்நேரம் டாக்டர் இருக்க மாட்டார் என்றேன். இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் நாளைக்கு முதல் ஆளாகப் பெயராவது எழுதி வைத்துவிட்டு வருவோம் என்றார்.

மார்ச் 26, புதன்

டாக்டர் சின்னப் பெண். என் மாணவிகளை விட நாலு வயது கூட இருக்கலாம். எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

படம் எடுத்தார்கள். ஜில்லென்று ஏதோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு கட்டியிலிருந்து சதை எடுக்கிற ஊசி. ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னாள். முன்னாலேயே சொல்லிவிட்டாள், ஆனாலும் சத்தம் வந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. கூரையில் ஒரு டியூப் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. வெளியே உட்கார்ந்திருக்கிற என் கணவர் பார்த்தால் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்துக்கொண்டேதான் அந்த நேரத்தைக் கடந்தேன். இப்படி ஒன்றை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அதே சமயம், எந்த இடத்தில் ஊசி போட வேண்டும் என்பதை அந்தப் பெண் புத்தகத்தில்தான் படித்திருப்பாள். இதை வைத்து யாருக்கும் தீர்ப்புச் சொல்கிற நிலையில் நான் இல்லை.

“ஏன் மேடம் உடனே வரலை?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

ரிசல்ட் அடுத்த வாரம்.

மார்ச் 29, சனி

ஊர்: பெருந்துறை. புடவை: அரக்கு நிற நெகமம் காட்டன், மறுபடியும். யார் கவனித்தால் என்ன. கதை: கீழே.

நிகழ்ச்சிக்குப் போக வேண்டாம் என்றார் என் கணவர். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றேன். அவரும் கூட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் என் பட்டிமன்றத்துக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை.

நான் சுமாராகப் பேசினேன். மாமியார் கதையைத் தொடவில்லை. நாச்சிமுத்து எழுந்தார். எட்டாப்பு, டிக்கெட், பஸ்ஸில் குடை மறந்த பெரியவர் என்று வழக்கம்போலக் கொண்டுபோனார். அத்தை வருகிற இடம் வந்தது. அந்த இடத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போடுவார். துண்டை எடுத்தார், போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போனார்.

கூட்டம் விடுமா? எல்லோரும் போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன கதை. பின்னாலிருந்து ஒருவர், “அத்தை கதை சொல்லுங்கண்ணா” என்றார். அப்புறம் நாலைந்து பேர். பெண்கள் பக்கம் விசில் வந்தது. நடுவர் ஐயாவும் மைக்கை இழுத்து, “ஊரே கேக்குதப்பா, அத்தையைக் கூட்டிட்டு வா” என்றார்.

நாச்சிமுத்து இப்போது அதைச் சொன்னால், மஞ்சளும் மூன்று மாதமும் முருங்கைக்காயும் மறுபடி என் காதில் விழும். நான் மறுபடியும் கைதட்டிவிடுவேனோ என்று பயந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் பயந்தேன்.

நாச்சிமுத்து என் பக்கம் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார்.

“எங்கத்தை இன்னைக்கு வரலீங்க” என்றார். “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது.”

கூட்டம் சிரித்தது. அடுத்து பெரிய வெடி வரப்போகிறது என்று காத்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தானுங்க. மஞ்சப் பத்துல கரைஞ்சதுன்னு நானு சொன்னது பொய்யி. எங்கியோ படிச்ச துணுக்கு. அதைக் கேட்டுட்டு யாராச்சும் இங்க கட்டியோட உக்கார்ந்திருந்தீங்கன்னா, நாளைக்குப் போயி டாக்டரைப் பாருங்க. எங்கத்தை போயிருச்சு. ரிசல்ட் இன்னும் வரலை. வந்ததும் சொல்றனுங்க.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. பட்டறிவு அணி அந்த இடத்திலேயே தோற்றுவிட்டது. அவர் கையிலிருந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி எழுந்து வெளியே போனாள். குழந்தைக்காகப் போனாளோ என்னவோ. நடுவர் ஐயா தீர்ப்பை ஏதோ சொல்லி முடித்தார். வழக்கமாக இரண்டு அறிவும் வேண்டும் என்பார். இன்று என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வேனில் திரும்பும்போது என் கணவர் நாச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவர் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பனி இல்லை. புகைதான்.

ஆனால் சின்னது, பரவவில்லை போலத் தெரிகிறது, வெட்டி எடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னாள். இன்னும் மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றாள். மூன்று மாதம். அத்தையின் கணக்கு.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து போன். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையிலிருந்துதான் பேசியிருக்கிறார், பிறகுதான் தெரிந்தது. “அத்தைக்கு என்னாச்சுங்க?” என்றார்.

“வெட்டணுமாம்.”

“பொழைச்சுக்குமுங்களா?”

“பொழைச்சுக்குமாம்.”

“யாரு சொன்னதுங்க?”

“டாக்டர்.”

“அப்பச் சரி” என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளைக் காலையில் ஆபரேஷன். பையில் இரண்டு நைட்டி, பற்பசை (அன்று வாங்கியது), கண்ணாடி. என் கணவர் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கி வைத்திருக்கிறார், அந்த அறையின் டியூப் லைட்டுக்கு. அங்கே விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் மேடைக் கதை ஆகிவிடும்.

ஊர்: ஈரோடு. புடவை: அவர்கள் கொடுக்கிற பச்சை அங்கி. கதை: சொந்தம்.